பழைய வண்டியைக் கொடுத்தாராம் என் அப்பா

ஒரு பழைய மோட்டார் சைக்கிளைச் சரிசெய்து ஓட்டலாமா, இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா என்று யார் முடிவு செய்ய வேண்டும்? கொடுத்தவரா? ஓட்டித் தேய்த்தவர்களா? அல்லது காலையில் தன் பிள்ளையை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு, சத்தம் தெருமுனையில் மறையும்வரை வாசலிலேயே நிற்கிறாளே, அவளா? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டும் போகிற அளவுக்குச் சந்து உண்டு. அந்த வண்டி இப்போது அங்கேதான் நிற்கிறது. மேலே ஒரு சாக்கு. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அதை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். உரசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வண்டிமேல் இல்லை.

அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தார். வண்டியூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கிருந்து சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வண்டியில்தான் போவார். கோமாரி ஊசி போடுகிற பருவத்தில் ஐஸ் பிளாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மண்பாதையில் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டுவார். பின்னால் ஒருவருக்குமேல் ஏற்றமாட்டார். சின்ன வயதில் நான் டேங்கின்மேல் உட்கார்ந்து போவேன். வெயிலில் டேங்க் சுடும் என்று தன் தோள் துண்டை மடித்து விரித்துத்தான் தூக்கி வைப்பார். துண்டு இல்லாவிட்டால் என்னை ஏற்றமாட்டார், எவ்வளவு அழுதாலும் சரி.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, என்னை ஒரு தடவையும் வண்டியை இரண்டு மூன்று தடவையும் பார்த்தார் என் கணவர். "வண்டிய ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க மாமா" என்றார். தட்டு மாற்றுவதற்கு முன்பே மாமா! அப்பா உச்சி குளிர்ந்து போனார். மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி என்பது பேச்சில் முதலிலேயே வந்துவிட்டது. வரதட்சணை என்று யாரும் சொல்லவில்லை. படித்த குடும்பங்கள், அந்த வார்த்தை வாயில் வராது. புது வண்டிக்கு அப்பா யோசித்தபோது, என் மாமியார்தான் முந்திக்கொண்டு சொன்னார்: "புதுசு எதுக்குண்ணே? ஒங்க வண்டியவே குடுங்க. ராசியான வண்டியாத் தெரியுது." நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். என் காதால் கேட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இன்று அந்த வீட்டில் யாருக்கும் இது நினைவில்லை.

அப்பா அதற்குப் புதுப் பெயிண்ட் அடித்து, புது சீட் போட்டு, கல்யாண மண்டப வாசலில் மாலை சுற்றி நிறுத்தினார். எல்லாரும் சுற்றி வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் குனிந்து எண் பலகையைப் பார்த்தார். பழைய வரிசை எண். "பெயிண்ட மாத்தலாம். நம்பர மாத்த முடியுமாய்யா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மணவறையிலிருந்து பார்த்தேன். அதன்பிறகு, ஓய்வு பெறும்வரை, அப்பா மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்து என்ன பாடு பட்டது என்பதைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

கணவர் ஆபீஸுக்கு ஓட்டினார், அது நியாயம். கொழுந்தனார் சிமெண்ட் மூட்டை ஏற்றினார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, என் மாமியார் புளியும் சாம்பலும் வைத்து சைலன்சரைக் குத்துவிளக்கு மாதிரி தேய்த்தார். பளபளப்பு போய் உள்ளே இருந்த இரும்பு தெரிந்ததும், "என்னடா இது, பித்தளைனு நெனச்சேன்" என்றார். அத்தை, விளக்கு வேறு வண்டி வேறு என்று நான் சொல்லியிருக்கலாம். புது மருமகள் எப்படிச் சொல்வது? அடுத்த மழைக்கு அது துருப்பிடித்தது.

பிறகு தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அந்த வருடங்களில் மதுரையில் குடும்பம் நடத்தியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குழாயில் காற்றுதான் வரும். லாரி வருகிற நேரம் லாரிக்காரருக்கே தெரியாது. பசுமலைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் விட்டார்கள். கொழுந்தனார் சீட்டின் குறுக்கே ஒரு பலகையைக் கட்டினார். பலகையின் இரண்டு முனையிலும் கயிற்றுச் சுருக்குப் போட்டு பிளாஸ்டிக் குடங்களைத் தொங்கவிட்டார். போதாதென்று டேங்கின்மேலும் ஒரு குடம். காலையும் மாலையும் நடை. "வண்டி போகுதா, தண்ணி லாரி போகுதா மாப்ள?" என்று தெருவில் கேட்பார்கள். அவரும் ஹாரன் அடித்துக்கொண்டே போவார். நாங்கள் குடித்தோம், குளித்தோம், என் மகள் பிறந்தபோது அவள் துணிகளை அலசியதும் அந்தத் தண்ணீரில்தான். பொய் சொல்லக் கூடாது, அதற்காக அவருக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் வண்டிக்கு நன்றி சொன்னவர் ஒருவரும் இல்லை.

மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. எல்.கே.ஜி. போகிறாள். அப்பா டேங்கில் என்னை உட்கார வைத்த மாதிரியே என் கணவர் இவளை உட்கார வைத்துக் கூட்டிப் போவார். ஒருநாள் ரவுண்டானாவில் வண்டி புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. எத்தனை மிதித்தும் கிளம்பவில்லை. இவர் தள்ளிக்கொண்டு வர, அவள் டேங்கில் உட்கார்ந்து போவோர் வருவோருக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டு வந்தாள். வாசலுக்கு வந்ததும் மாமியார் சொன்னார்:

"இரும்புக் கடையிலகூட எடுக்க மாட்டான். சம்பந்தி பழச நம்ம தலையில கட்டிட்டாரு."

நான் பாப்பாவை இறக்கிக்கொண்டிருந்தேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"நீங்கதானே அத்தை கேட்டு வாங்குனீங்க?"

"நானா? எனக்கு வண்டியப் பத்தி என்னத்தா தெரியும்? நான் எதுக்குக் கேக்கப் போறேன்?" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். "பாப்பாவுக்குக் காதுகுத்து வருதுல்ல. தாய்மாமன் சீர்னு ஒண்ணு இருக்கு. ஒந்தம்பியும் இப்பச் சம்பாதிக்கிறான். மொதல்லதான் பழசாப் போச்சு. இப்பப் புதுசா ஒண்ணு நிறுத்துனா ஊரு மெச்சும்ல?"

என் தம்பி வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு தீபாவளி பார்க்கவில்லை. அவனுக்கென்று ஒரு வண்டி இல்லை. டவுன் பஸ் படியில் தொங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான். அவன் இவர்களுக்குப் புது வண்டி வாங்கி நிறுத்த வேண்டுமாம்!

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இந்த வண்டி சரியாகி ஓடினால், அப்படிக் கேட்க அவர்களுக்கு வாயில்லை. உதவாது என்று ஆகிவிட்டால், காதுகுத்து மேடையில் என் தம்பி தலைகுனிந்து நிற்பான். என் கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை இறக்காமலே, "அம்மா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்றார். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று கேட்டேன். "அதான் பிரச்சினையே" என்றார்.

நானே மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கிறவர். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஓட்டணுமாக்கா, விக்கணுமா?" என்பது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். "இல்லக்கா, நீங்க என்ன முடிவுல இருக்கீங்கனு சொன்னா, அதுக்குத் தக்கன பாத்துச் சொல்லுவேன்" என்றார். இப்படி ஒரு பரிசோதனையை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

இன்ஜினைத் திறந்தார். சிலிண்டரைக் கடைந்து போர் பண்ண வேண்டும், பிஸ்டன் மாற்ற வேண்டும், செயின் முழுவதும் மாற்ற வேண்டும். செலவுதான், ஆனால் ஆகிற காரியம். எனக்கு மூச்சு வந்தது. என் வளையல் ஒன்று போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் டேங்கைக் கழற்றினார். ஹேண்டிலுக்குக் கீழே, வண்டியின் எலும்புக்கூடான சேஸின் கழுத்துப் பக்கம், பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். விசில் அடித்தார்.

"இங்க வெல்டு வச்சிருக்குக்கா. கழுத்து ஒடஞ்சு ஒட்டவச்ச வண்டி. ஒங்க அப்பா இதையா குடுத்தாரு?"

அன்று முழுவதும் நான் நானாக இல்லை. சமையலில் உப்பு போட்டேனா என்று தெரியவில்லை. அப்பா அப்படிச் செய்வாரா? செய்திருக்க மாட்டார். ஆனால் கிராமத்துப் பாதை, எத்தனை வருட ஓட்டம், எங்கேயாவது விழுந்திருப்பாரோ? கல்யாண அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிட்டாரோ? புதுப் பெயிண்ட் அடித்தது அதற்குத்தானோ? அப்படி ஒரு நினைப்பு என் மனதில் ஓடியதற்காகவே இவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம். பெற்ற அப்பாவையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது, வாசலில் டேங்க் கழற்றியபடி நின்ற வண்டியை மறுபடி குனிந்து பார்த்தேன். வண்டி முழுக்கக் கறுப்பு. வெல்டு வைத்த இடத்தில் மட்டும், சுரண்டிய ஓரத்தில், செம்மண் மாதிரி ஒரு காவி நிறம். அந்த நிறம் எனக்குத் தெரியும். நிமிர்ந்தால் எங்கள் வீட்டு ஜன்னல். அதே காவி. கொழுந்தனார் பஞ்ச காலத்தில் ஜன்னல் கம்பிகளுக்கெல்லாம் அடித்த பெயிண்ட். மிச்சம் இருந்ததை இங்கே பூசி, டேங்கை மேலே மாட்டி மறைத்திருக்கிறார்.

அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். மறைக்கவே இல்லை. சிரித்தார்.

"அதுவா மதினி? பசுமலைல இருந்து வரும்போது பள்ளத்துல விட்டுட்டேன். குடமெல்லாம் ரொம்பியிருந்துச்சு, வெயிட்டுல கழுத்து கீறிருச்சு. அன்னைக்கே வெல்டு வச்சாச்சு. ஒங்ககிட்டச் சொன்னாப் பயந்துருவீங்கன்னு சொல்லல."

"அது நடந்து எவ்வளவு நாள் ஆச்சு?"

"அது ஆச்சு மதினி. பாப்பா தவழ்ந்துட்டிருந்தா."

தவழ்ந்தவள் நடந்து, ஓடி, பள்ளிக்கூடம் போகிற வயதாகிவிட்டாள். தினமும் காலையில் அந்த ஒட்டவைத்த கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போயிருக்கிறாள். நான் டிபன் பாக்ஸ் மாட்டி, நெற்றியில் திருநீறு பூசி ஏற்றிவிட்டிருக்கிறேன்!

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "தெரியும்த்தா. ஒண்ணும் ஆகலையில்ல? பெறகென்ன இம்புட்டு சத்தம்?"

"அப்புறம் எப்படி எங்க அப்பா பழசக் கட்டிட்டாருனு சொல்றீங்க?"

"பழசா இருந்ததுனாலதான ஒடஞ்சுச்சு? புது வண்டினா ஒடையுமா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் பட்டப்படிப்பு படித்தவள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கணவர் மட்டும் முகம் வெளுத்துப் போய், டேங்கை மாட்டி, வண்டியை இழுத்துச் சந்தில் நிறுத்தினார். அவருக்குத் தெரியாதாம். நம்புகிறேன். நம்பித்தானே ஆக வேண்டும். வண்டி நின்ற நாளிலிருந்து பாப்பா ஷேர் ஆட்டோவில்தான் போகிறாள்.

மெக்கானிக்கைத் திரும்பவும் போய்ப் பார்த்தேன். அந்தக் கழுத்தை நம்பலாமா என்று கேட்டேன். "வெல்டு நல்லாத்தான் பிடிச்சிருக்கு. வேணும்னா மேல ஒரு தகடு வச்சு ஸ்ட்ராங் பண்ணித் தாரேன். ஓட்டலாம்னா ஓட்டலாம்க்கா. வேணாம்னா வேணாம்" என்றார். சரி, உங்கள் பிள்ளையை அதில் உட்கார வைப்பீர்களா என்றேன். "எம் புள்ளையா? அவன் சைக்கிள்லயே உக்கார மாட்டேங்குறான்!" என்று சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்கிடையில் காதுகுத்துக்கு நாள் பார்க்க அப்பா வந்தார். ஒரு தார் வாழைப்பழமும், பாப்பாவுக்குக் கால் கொலுசும் கொண்டு வந்திருந்தார். பேச்சு நாள், கோயில், பந்தி என்று சுற்றி, நான் பயந்த இடத்துக்கே வந்து நின்றது.

"வண்டி நின்னு போச்சுண்ணே" என்றார் மாமியார். "சந்துல கெடக்கு. போயிப் பாருங்க."

அப்பா எழுந்து போனார். அடுப்படி ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. சாக்கை விலக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து சீட்டைத் துடைத்தார், எண் பலகையைத் துடைத்தார். சைலன்சரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலில் ஒட்டிய துருவைத் தட்டினார். டேங்க் மாட்டியிருந்ததால் கழுத்து அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பழசக் குடுத்தது என் தப்புதாம்மா" என்றார். "அன்னைக்கே கஷ்டப்பட்டு ஒண்ணு புதுசா எடுத்துருக்கணும். தம்பிகிட்டச் சொல்றேன். காதுகுத்துக்குப் பாத்துக்கலாம்."

காபி டம்ளரோடு நான் நிலைப்படியில் நின்றேன். கொழுந்தனார் தரையைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். மாமியார் மட்டும், "அதுக்கென்னண்ணே, ஒங்களால முடிஞ்சதச் செய்யுங்க, நாங்க என்ன கேட்டா வாங்குறோம்?" என்றார். கேட்டா வாங்குகிறார்களாம்!

அப்பா, அது உங்கள் தப்பில்லை, இவர்கள் உடைத்தார்கள், ஒட்டவைத்து மறைத்தார்கள், உங்கள் பேத்தியை அதில் உட்கார வைத்தார்கள் என்று தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால், இத்தனை நாள் அவள் உடைந்து ஒட்டவைத்த வண்டியில் போய்வந்தாள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு அன்றிலிருந்து சோறு இறங்காது. காதுகுத்தும் நடக்காது, நடந்தாலும் இரண்டு குடும்பமும் இரண்டு மூலையில் நிற்கும். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே காபியைக் கொடுத்துவிட்டேன். அவரும் குடித்துவிட்டார்.

பஸ் ஸ்டாப்புக்கு நானும் பாப்பாவும் போனோம். பஸ் வருகிறவரை அவளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஏறுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார்: "இவள டேங்குல வைக்கிறப்ப துண்டு போட்டுத்தான வைக்கிறீங்க? வெயில்ல சுடும்மா."

"ஆமாப்பா" என்றேன். உண்மைதான். துண்டு போடாமல் ஒருநாளும் ஏற்றியதில்லை.

இப்போது ஆடி முடியப் போகிறது. ஆவணியில் காதுகுத்து. தம்பி கடனுக்கு அலைகிறான் என்று அம்மா போனில் சொன்னாள். மெக்கானிக் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "என்னக்கா, முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்கிறார். வண்டியைச் சரிசெய்து வாசலில் ஓடவிட்டுக் காட்டினால் என் தம்பி தப்பிப்பான், என் அப்பா செய்யாத தப்புக்கு ஏற்றுக்கொண்ட பழியிலிருந்து வெளியே வருவார். ஆனால் ஓடுகிற வண்டி வாசலில் நின்றால் பாப்பாவை ஏற்றாமல் இருப்பார்களா? ஒருநாள் ஆட்டோ வராது, ஒருநாள் மழை பெய்யும், "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்பார்கள். அவளை ஏற்றாவிட்டாலும், ஓட்டுகிறவர் என் கணவர். அவருக்கு ஒன்றென்றால் எனக்கு மட்டும் லாபமா? இரும்புக் கடைக்குப் போட்டால் என் பிள்ளை பத்திரம். கூடவே, சம்பந்தி பழசைத் தலையில் கட்டினார் என்ற பேச்சும் காலத்துக்கும் பத்திரமாக இருக்கும்.

உண்மையைச் சபையில் போட்டு உடைப்பது ஒன்றுதான் மிச்சம். அதற்கு எனக்குத் தைரியம் இல்லையா, அல்லது அது தேவையில்லையா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. காலையில் ஒன்று தோன்றுகிறது, பாப்பா ஸ்கூல் விட்டு வருவதற்குள் வேறொன்று தோன்றுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் கழுத்தில் வெல்டு வைத்த வண்டியை வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் இருந்தால், மெக்கானிக் மாதிரி மழுப்பாமல் சொல்லுங்கள்: உங்கள் பிள்ளையை அதில் உட்கார வைப்பீர்களா? என்னைப் போலப் பிறந்த வீட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றவர்கள் இருந்தால், நீங்கள் வாயைத் திறந்தீர்களா, காபியைக் கொடுத்தீர்களா, பிறகு எதற்கு வருந்தினீர்கள் என்று சொல்லுங்கள். ஆவணி பிறப்பதற்குள் சொன்னால் எனக்கு உதவும்.